பின்டயர் மேல் ஒரு சாக்பீஸ் கோடு

"அக்கா, பின்டயர் எவ்வளவு அகலமா இருக்கணும்?"

"யார் பாக்கறதுக்கு?" என்றாள் செலின்.

"பாக்கறதுக்கு இல்லக்கா. ஓட்டறதுக்கு."

"ஓட்டறதுக்குன்னா இப்ப இருக்கறதே போதும்."

சங்கமித்ராவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். காரணம் இல்லாமல் வருகிற எதையும் அவள் பதில் என்று ஒப்புக்கொண்டதில்லை.

செலின் ராயபுரத்துக்காரி. ரேஸ் பைக் ஓட்டக் கற்றுத் தருகிறவள். சங்கமித்ராவைவிட ஆறு வயதுதான் பெரியவள். பேச்சு கம்மி. சொல்லித் தருவதும் கம்மி என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள்.

"பசங்க எல்லாரும் நூத்தி அறுபது எம்எம் டயர் போட்டுட்டாங்கக்கா. என்னோடது நூத்தி நாப்பது. சைக்கிள் டயருன்னு சொல்றான் தருண்."

தருண் காலேஜ் பைக் ரேஸ் டீமின் கேப்டன்.

"பெல்லு மாட்டலியா, கேரியர் வைக்கலியான்னு கேக்கறான்."

செலின் சிரித்தாள்.

"சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை டிராக் டேல யாரு வேகமா ஒரு ரவுண்டு வராங்களோ, அவங்கதான் பந்தயத்துக்குப் போகணும். ஒரே ஒரு எடம். நாலு பசங்க, நான் ஒருத்தி. அந்த எடம் எனக்கு வேணும்."

"எடுத்துக்கோ."

"அதுக்குத்தான் டயர் கேக்கறேன்! அகலம் ஜாஸ்தின்னா தரையில படற எடம் ஜாஸ்தி. பிடி ஜாஸ்தி. பிடி இருந்தா வளைவுல வேகம் ஜாஸ்தி. இதுல எங்க தப்பு இருக்கு, காட்டுங்க."

"பேச்சுல ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம்?"

"மாட்டிக்கோ."

ஒப்புக்கொள்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்த எரிச்சலிலேயே போய் மாட்டிக்கொண்டாள்.

 

ஞாயிறு காலை. டயர் கொழுகொழுவென்று இருந்தது. பின்னால் நின்று பார்த்தால் பைக்குக்கே ஒரு சுற்று சதை போட்டாற்போல் தெரிந்தது.

தருண் குனிந்து பார்த்தான். "இப்பதான் பைக் மாதிரி இருக்கு."

 அன்று காலை சங்கமித்ரா நடந்த நடையே வேறு.

ஓட்டிவிட்டு வந்தாள். செலின் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச்சை நீட்டினாள்.

போன மாதத்தைவிட இரண்டு நொடி தாமதம்.

"டயர் இன்னும் சூடாகல."

"ம்."

"முன்னாடி ஒருத்தன் வழிய மறிச்சுக்கிட்டே போனான்."

"ம்."

"எதிர்க்காத்து வேற."

"காத்து உனக்கு மட்டுமா அடிச்சுது?"

செலின் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். பின்டயரின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரைக்கும் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டாள். சக்கரத்தை உருட்டி இன்னும் சில இடங்களில் போட்டாள்.

"போயிட்டு வா."

போய்விட்டு வந்தாள். நடுவில் சாக்பீஸ் சுத்தமாக அழிந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே வெள்ளையாக இருந்தது.

"நான் இன்னும் சாயணும். அவ்ளோதானே?"

டீக்கடை பெஞ்சின் மேல் ஒரு காகிதத் தட்டு கிடந்தது. செலின் அதை எடுத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளங்கைகளால் உள்ளே நெருக்கினாள். தட்டின் அடி முதுகு கீழே புடைத்தது. ஓரங்கள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன.

"இதான் உன் டயர்னா, இந்த ஓரம் தரையத் தொடணும்னா எவ்வளவு சாயணும்?"

"படுத்தேதான் போகணும்."

"உன் சக்கரத்துல இருக்கற ரிம் என்ன அகலம்?"

சங்கமித்ராவுக்குத் தெரியும். ரிம் அதே பழைய ரிம். நூற்று நாற்பதுக்குச் செய்தது. அதற்குள் நூற்று அறுபதை நெருக்கித் திணித்திருக்கிறாள்.

தெரிந்தால்? தெரிந்ததும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டமா?

"பசங்களுக்கும் அதே ரிம்தானே? அவனுங்க டயர் ஓரத்துல தேயாத எடமே இல்லையே! விளிம்பு வரைக்கும் தேஞ்சிருக்கே, நானே பாத்தேன்."

செலின் தட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

 

டிராக் டேயில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் ஒரு சுற்று நடந்து அடுத்தவன் பின்டயரைப் பார்ப்பார்கள். ஓரம் தேயாமல் புதிதாக இருந்தால் அந்த ஆள் வளைவில் சாயப் பயப்படுகிறான் என்று அர்த்தம். பயந்தாங்கொள்ளிக் கோடு என்று அதற்குப் பெயர். பையன் டயரில் இருந்தால் அன்றைக்கு ஒரு நாள் கிண்டல். பெண் டயரில் இருந்தால் அது ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் எழுதிய தீர்ப்பு.

அதற்காகத்தான் பையன்கள் உப்புத்தாள் வைத்திருந்தார்கள். தருணின் பைக்குக்குப் பின்னால் கிழிந்த துண்டு ஒன்று கிடந்ததை அவள் பார்த்தாள். விளிம்பு வரைக்கும் தேய்ந்த கதை அப்போதுதான் புரிந்தது.

அந்தத் துண்டை யாரும் பார்க்காதபோது எடுத்துக்கொண்டாள்.

தகரக் கொட்டகைக்குப் பின்னால் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, மண்டியிட்டு, ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். கருப்புத் தூள் முழங்காலில் கொட்டியது.

நிழல் விழுந்தது. செலின்.

சங்கமித்ராவிடம் அப்போதும் ஒரு வாதம் தயாராக இருந்தது. அவனுங்க எல்லாரும் பண்றானுங்க, நான் மட்டும் எதுக்கு...

"தள்ளு," என்றாள் செலின்.

உப்புத்தாளைப் பிடுங்கிப் பாதியாகக் கிழித்தாள். ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றோடு டயரின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"இடது பக்கம்."

தேய்த்தாள். நிஜமாகவே தேய்த்தாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு.

"நீயும் தேய். ஒரு பக்கம் மட்டும் இருந்தா அசிங்கமா இருக்கும்."

இரண்டு பேரும் தேய்த்தார்கள்.  உப்புத்தாள் சத்தம் மட்டும்.

முடிந்ததும் செலின் எழுந்து இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அருமை. இன்னிக்கு இந்த டிராக்லயே அழகான டயர் உன்னோடதுதான். எட்த்துனு போய்க் காட்டு."

சங்கமித்ரா எழுந்திருக்கவில்லை.

"போ. பசங்க பாக்கணும்ல?"

அவள் டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"ம்."

"பழைய டயர் வேன்லதான் இருக்கு."

"அப்படியா?" என்றாள் செலின், காலையில் அதை வேனில் ஏற்றியவளே அவள்தான் என்றாலும்.

 

கடைசி நேரம். வெயில் தாழ்ந்திருந்தது. பின்னால் மறுபடியும் பழைய நூற்று நாற்பது.

முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. காலை முழுக்கப் பைக்கைக் கையால் தள்ளித் தள்ளிச் சாய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பார்த்த பக்கம் அது போனது.

இரண்டாம் ரவுண்டில் முழங்கால் தரையை உரசியது. மூன்றாம் ரவுண்டில் தருணைக் கடந்தாள். உள்பக்கமாக, இடமே இல்லை என்று அவன் நினைத்த இடத்தில்.

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். செலின் ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிக் காட்டினாள். அன்றைய நாளில் டீமில் யாரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

சங்கமித்ரா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பையன்கள் வந்தார்கள். நேராகப் பின்டயரிடம்தான் போனார்கள். விளிம்பு வரைக்கும் தேய்ந்திருந்தது. இரண்டு பக்கமும்.

தருண் குனிந்தான். விரலால் தடவினான். நிமிர்ந்தான்.

"உப்புத்தாளா?"

"என்னது?"

"முழங்கால்ல பாரு. டயர் தூள். மதியம் கொட்டாய்க்குப் பின்னாடி நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு நம்ம டீம் அஸ்வத் பாத்தான்."

பையன்கள் சிரித்தார்கள்.

"டைமிங்கும் டவுட்டுதான். வாட்ச் யாரு கையில இருந்துச்சு? உங்க அக்கா கையில."

சங்கமித்ராவுக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் பைக்குக்குப் பின்னால கிடந்த துண்டு யாரோடது? தேய்ச்சது வேற டயர்டா, அது அதோ வேன்ல கிடக்கு, போய்ப் பாரு. உன்னை நான் கடந்து போனேனே, அதையும் உப்புத்தாள் வச்சா கடந்தேன்? எல்லாம் உண்மை. எல்லாம் வரிசையாக வாயில் நின்றது.

அவள் முழங்காலைப் பார்த்தாள். தூள் இருந்தது. அதுவும் உண்மை.

செலினைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற? உன்னைத்தான் கேக்கறான்," என்றாள் செலின்.

சங்கமித்ரா அவளிடம் கையை நீட்டினாள். செலின் ஸ்டாப்வாட்ச்சை அந்தக் கையில் வைத்தாள். கை அப்படியே நின்றது. செலின் ஒரு கணம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அதையும் வைத்தாள்.

சங்கமித்ரா இரண்டையும் தருணிடம் கொடுத்தாள்.

"வாட்சை நீ பிடி. கோட்டையும் நீயே போடு. விளிம்பு வரைக்கும் போடு, குறைக்காத."

தருண் நண்பர்களைப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. குனிந்து கோடு போட்டான்.

அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். இன்ஜின் உறுமியது.

"எத்தனை ரவுண்டு?" என்று கத்தினான் தருண்.

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்."