ஒரே ஒரு பிளாஸ்டிக்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்ட காய்கறித் தோட்டத்தின்மேல் தாளாளர் மாசிலாமணிக்கு ஒரு கண். அதை மூடிவிட்டு அந்த இடத்தில் தன் காரை நிறுத்த நினைத்தார். சும்மா மூடினால் ஊர் பேசுமே! அதனால் ஒரு சோதனை வைத்தார்.

"சுற்றுச்சூழல் விழாவுக்கு வருவேன். ஒரு பிளாஸ்டிக் கண்ணில் பட்டாலும் தோட்டம் போச்சு!"

பாவம் பிள்ளைகள், சோறு தண்ணி மறந்து பொறுக்கினார்கள். மிட்டாய்த் தாள், பேனா மூடி, சாக்கடையில் கிடந்த பால் கவர் எதையும் விடவில்லை.

விழாவன்று தாளாளர் மூலைமுடுக்கெல்லாம் குனிந்து தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. எரிச்சலோடு, தோட்டத்துக்குப் பொறுப்பான எட்டாம் வகுப்புச் சுடர்க்கொடியைக் கூப்பிட்டார்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லு."

"ஒளிக்கலைங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. தொடவே பயமா இருந்துச்சு, விட்டுட்டோம்."

"அப்படி வா வழிக்கு! எங்க?"

"குனிஞ்சு தேடினா தெரியாதுங்க. நிமிர்ந்து பாருங்க."

நிமிர்ந்தார். மொட்டைமாடியிலிருந்து தொங்கியது, ஆசிரியர்கள் கட்டிய பிளக்ஸ் பேனர். 'பசுமைக் காவலரே வருக' என்ற எழுத்துக்குக் கீழே அவரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது நாங்க போட்ட குப்பை இல்லைங்க ஐயா," என்றாள் சுடர்க்கொடி. "அதுக்கும் எங்க தோட்டம்தான் போகணுமா?"

ஆசிரியர்கள் தலை குனிந்துகொண்டார்கள். தாளாளர் பேனரில் சிரித்த தன் முகத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"தோட்டம் இருக்கட்டும்," என்றார் மெல்ல. "யாராவது ஏணி கொண்டாந்து முதல்ல என்னை இறக்குங்கய்யா."