இசக்கிச்செல்வியின் வயிற்றுக்கட்டு

தென்காசிப் பக்கம் ஓர் ஊர். அங்கே மாவு மில்லுக்கு மேல்மாடியில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் ஒருத்தி இருந்தாள். பெயர் பர்வீன். இருபத்தாறு வயதுதான், ஆனாலும் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

இசக்கிச்செல்வி அவளைவிட நாலு வயது மூத்தவள். பீடி சுற்றுகிறவள். மடியில் பீடி இலைச் சுளகை வைத்துக் குனிந்தே இருந்து முதுகு வளைந்துவிட்டது. பிள்ளை பெற்று ஒன்றரை வருசம் ஆகியும் இடுப்பு வலி விடவில்லை. வயிறும் முதுகும் வலுவில்லாமல் இருக்கிறது, பயிற்சி செய் என்று டாக்டரம்மா அனுப்பினார்.

வலியைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் மகள் யாழினி இப்போதெல்லாம் அவளைப் பார்த்துக் கை நீட்டுவதில்லை. அம்மா தூக்கமாட்டாள் என்று பிள்ளைக்கே தெரிந்துபோயிற்று.

மாஸ்டர் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். மூச்சு வெளியே போகும்போது வயிறு உள்ளே போகிறதா, கவனிங்க என்றாள். பத்து நாளும் அதேதான். இது பயிற்சியா தூக்கமா என்று பக்கத்துப் பாயில் கிடந்த லூர்து கேலி செய்தாள். இசக்கிக்கும் அதே சந்தேகம். கேட்கக் கூச்சம்.

பதினோராம் நாள் மாஸ்டர் எல்லோரையும் கையையும் முழங்காலையும் ஊன்றி மேசை மாதிரி நிற்க வைத்தாள். ஒவ்வொருத்தி முதுகிலும் ஒரு டம்ளர் தண்ணீர். வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும். எல்லோர் டம்ளரும் கவிழ்ந்தது. இசக்கியுடையது மட்டும் அசையவில்லை.

மாஸ்டர் கிட்டே வந்து அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

இசக்கி குனிந்தபடியே சொன்னாள். பிள்ளை பெற்றதும் அவள் அம்மா பழைய நூல் சேலையைக் கிழித்து வயிற்றில் கட்டிவிட்டாள். நாற்பது நாளில் எடுத்துவிடச் சொன்னாள். எடுத்தால் இடுப்பே கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. அதனால் தினமும் காலையில் இன்னும் ஓர் இழுப்பு இழுத்துக் கட்டிக்கொள்கிறாள்.

அவிழ்த்துவிட்டு வரச் சொன்னாள் மாஸ்டர். வந்தாள். டம்ளர் உடனே கவிழ்ந்தது.

"கட்டுனா நிக்குது, அவுத்தா விழுது. அப்ப கட்டுறதுதானே மாஸ்டர் நல்லது?"

பர்வீன் அந்தத் துணியை மடித்துத் தரையில் வைத்து, அதன்மேல் டம்ளரை வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"துணி நல்லாப் பழகியிருக்கு. நாளைக்கு அதை மட்டும் அனுப்புங்கக்கா. நீங்க வீட்டுல இருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளிலிருந்து துணியைக் கட்டாமல் வந்தாள். ஆனாலும் தினமும் அதை மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

அதற்கப்புறம் குழப்பம் கூடியது. வயிற்றை இறுக்கினால் இறுக்காதீங்க என்றாள் மாஸ்டர். விட்டால் விடாதீங்க என்றாள். எதை இறுக்க, எதை விட என்று இசக்கி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"பிள்ளையத் தூங்க வைக்கப் பாடுவீங்கல்ல? அதைப் பாடிக்கிட்டே செய்யுங்க. பாட்டு நின்னா நீங்க மூச்சைப் பிடிச்சிட்டீங்கன்னு அர்த்தம்."

வெட்கத்தோடு பாடினாள். பாட்டு பாதியில் நிற்கும், டம்ளர் விழும். இப்படியே இரண்டு மாதம் போனது.

ஒருநாள் வீட்டில் ஆள் இல்லாததால் யாழினியைக் கூட்டி வந்திருந்தாள். முதுகில் டம்ளரோடு ஊன்றி நின்று பாடிக்கொண்டிருந்தபோது, சுவர் ஓரத்தில் விளையாடிய பிள்ளை பாட்டைக் கேட்டு வந்தது. அம்மாவின் வயிற்றுக்கு அடியில் புகுந்து கொஞ்சம் உட்கார்ந்திருந்தது. பிறகு வெளியே வந்து இரண்டு கையையும் நீட்டியது.

இசக்கி பாட்டை நிறுத்தாமலே ஒரு காலை ஊன்றினாள். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தாள். மூச்சை விட்டபடி எழுந்து நின்றாள்.

நின்ற பிறகுதான் கால் ஈரமாவது தெரிந்தது. டம்ளர் எப்போதோ உருண்டு போயிருந்தது.

"தண்ணியக் கொட்டிட்டேனே மாஸ்டர். இன்னைக்கும் எனக்கு வரலையா?"

பர்வீன் மஞ்சப்பையிலிருந்து அந்தத் துணியை எடுத்தாள். குனிந்து தரையைத் துடைத்தாள்.

"இதுக்கு நல்லாயிருக்குக்கா, இந்தத் துணி."