சத்து குறையாத டெம்புரா

ஒரகடம் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடை. முதலாளி தாண்டவராயன். கூட்டாளிகள் சப்பாணிமுத்து, அய்யாக்கண்ணு. மூன்று தலைக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தால் அதிகம். எதிரே பேக்கரி வந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மாதமும் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று தாண்டவராயன் கலங்கிப் போயிருந்தார். அப்போதுதான் பக்கத்தில் இருக்கும் ஜப்பான் தொழிற்சாலை கேன்டீனின் உணவு நிபுணர் மெர்சி வந்தார்.

"எங்க ஜப்பான் ஆளுங்களுக்கு டெம்புரா வேணும். நம்ம பஜ்ஜி மாதிரிதான். காயை மாவுல மெல்லிசா தோய்ச்சு, டக்குன்னு பொரிச்சு எடுக்கணும். காயோட சத்து குறையவே கூடாது. சாயந்திரம் வந்து பார்ப்பேன். குறைஞ்சிருந்தா ஆர்டர் கிடையாது."

சத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் தாண்டவராயனுக்குத் தராசு சொல்வதே வேதவாக்கு. கேரட்டை நிறுத்தார்: நாற்பது கிராம். பொரித்து நிறுத்தார்: அறுபது.

"அண்ணே, குறையல. இருபது கிராம் சத்து ஏறியிருக்கு!" என்றான் சப்பாணிமுத்து.

"இன்னொரு தடவை தோய்ச்சா?"

தோய்த்தார்கள். தொண்ணூறு. விடுவார்களா? சாயங்காலத்துக்குள் கேரட் தேங்காய் அளவுக்குப் பெருத்துவிட்டது.

மெர்சி அதை உடைத்துப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஏறினது பூரா மாவும் எண்ணெயும்! இதைத் தின்னா நெஞ்சு அடைச்சிடும்."

"இன்னும் ஒரே ஒரு சான்ஸ் குடுங்க மேடம். கடை போச்சுன்னா எங்க பொழப்பே போச்சு" என்று தாண்டவராயன் அழாத குறையாகக் கெஞ்சினார்.

மெர்சிக்கு மனசு இளகியது. "சரி, நாளைக்கு எண்ணெய் ஒட்டாம பொரிச்சு வைங்க."

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"எண்ணெய்ல போட்டா ஒட்டத்தானே செய்யும்?" என்றான் சப்பாணிமுத்து.

"காய்க்கு மொதல்ல எண்ணெய் தடவிட்டா? எண்ணெய் வழுக்கிட்டுப் போயிடும்ணே" என்றான் அய்யாக்கண்ணு.

"தடவினதும் எண்ணெய்தானேடா!" என்ற தாண்டவராயன் கண்ணை மூடி நெடுநேரம் யோசித்தார். "தண்ணியில பொரிப்போம்."

முதலாளியின் அறிவை நினைத்து மற்ற இருவருக்கும் புல்லரித்தது.

மறுநாள் மெர்சி ஒன்றைக் கடித்தார். "இது டெம்புரா இல்லைங்க, கொழுக்கட்டை." சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. "ஆனா நல்லா இருக்கு, எண்ணெயும் இல்ல. நாளையிலேர்ந்து தினம் இருநூறு குடுங்க."

தாண்டவராயனுக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது.

விடிந்ததும் மெர்சி வண்டியோடு வந்தார். அடுப்படியில் ஒரு கொழுக்கட்டையும் இல்லை. பதறிப்போய்க் கடைக்குப் பின்னால் ஓடினார். அங்கே துணி காயப்போடும் கொடியில், கிளிப் மாட்டிய இருநூறும் வரிசையாகத் தொங்கின. அய்யாக்கண்ணு முறத்தால் விசிறிக்கொண்டிருந்தான்.

"எண்ணெய் ஒரு சொட்டு ஒட்டல மேடம்" என்றார் தாண்டவராயன் பெருமையாக. "தண்ணிதான் கொஞ்சம் ஒட்டிடுச்சு. வெயில் ஏறட்டும், மொறுமொறுன்னு காஞ்சதும் மடிச்சுக் குடுத்துடறோம்."