ஆகாயத்தாமரைக்குக் கல்யாணம்

முன்னொரு காலத்தில், ஒரே ஏரியை நம்பி வாழ்ந்த ஒரு நாட்டைக் குணவீரன் என்ற அரசன் ஆண்டான். அவனுடைய ஒரே மகள் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, அந்த ஏரியில் ஓர் ஆகாயத்தாமரைச் செடியை மிதக்கவிட்டுப் பல்லக்கு ஏறினாள். பிரிவு தாளாத அரசன் ஆணை பிறப்பித்தான்: "இந்த ஏரியில் மிதக்கும் செடி ஒவ்வொன்றும் என் மகள். தொட்டவர் கை துண்டிக்கப்படும்."

ஆகாயத்தாமரை சும்மா இருக்குமா? பல்கிப் பெருகி, தண்ணீரே தெரியாமல் மூடிக்கொண்டது. மீன்கள் செத்து நாறின. மதகு அடைத்து வயல்கள் காய்ந்தன. ஒருநாள் மீனவப் பெண் பூவாயியின் குழந்தை, அந்தப் பச்சையைப் புல்தரை என்று எண்ணிக் காலை வைத்து மூழ்கியது. பூவாயி செடிகளைப் பிய்த்தெறிந்து பிள்ளையை மீட்டாள். காவலர்கள் அவளைச் சிறையில் அடைத்தார்கள்.

சபையில் அவளுக்காகப் பரிந்து பேசியவன் அரசவை விகடகவி விடங்கன் ஒருவன்தான். அவன்மேல் அரசன் வைத்த அன்பு அமைச்சர் காளத்திராயருக்கு வெகுநாள் எரிச்சல்.

"அரசர் வாக்கு மாறலாமா? ஆணையும் நிற்க, அவள் கையும் பிழைக்க விடங்கனார் வழி சொல்லட்டும். முடியாவிட்டால் அவர் கையும் போகட்டும்!" என்றார் அமைச்சர்.

அரசன் தலையசைத்தான்.

விடங்கன் சிறைக்குப் போனான். "எனக்காக நீங்க ஏன் சாமி கையப் பணயம் வெக்கிறீங்க? புள்ள பொழச்சிருச்சு, அது போதும்" என்றாள் பூவாயி. விடங்கன் அங்கிருந்து நேரே ஏரிக்கரைக்கு நடந்தான்.

மறுநாள் அரண்மனை வாசலில் நாகசுரம் முழங்கியது. மாவிலைத் தோரணம் கட்டிய மாட்டுவண்டி நிறைய ஆகாயத்தாமரை. முன்னால் தாம்பூலத் தட்டோடு, சேறு வழியும் வேட்டியில் விடங்கன்.

"பிரபு, இவனே பறித்திருக்கிறான்! வெட்டுங்கள் கையை!" என்று கத்தினார் காளத்திராயர்.

விடங்கன் வணங்கினான். "மன்னா, இவர்கள் தங்கள் மகள்கள். வளர்ந்த பெண்களைப் பிறந்த வீட்டிலேயே வைத்திருந்தால் ஊர் என்ன பேசும்? வரன் பார்த்துவிட்டேன்."

"யார் மாப்பிள்ளை?"

"ஏரிக்குக் கீழே பட்டினி கிடக்கும் வயல்கள். தழையுரமாகப் போகும் பெண்களை நெல்லாக்கி அனுப்புவார்கள். மூத்தவர்களை அழைத்து வந்தேன். தங்கைகள் ஏரியில் காத்திருக்கிறார்கள்."

"தொட்டாயே!" என்றார் அமைச்சர்.

"கையைப் பிடிக்காமல் தாரை வார்ப்பது எப்படி, அமைச்சரே? தங்கள் மகளைத் துரட்டிக் கோலாலா மணவறைக்குத் தள்ளினீர்கள்?"

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அரசன் மட்டும் மெல்லக் கேட்டான்: "அந்தப் பெண் பிய்த்தெறிந்தாளே?"

"தங்கள் மகள்களுக்கு அடியில் அவள் பிள்ளை மூச்சுத்திணறியது, மன்னா. தாய் விலக்கித்தானே எடுப்பாள்?"

அரசன் கண்கள் நிறைந்தன. பிறகு அந்தக் கண்ணீரோடே சிரித்தான். "இத்தனை பேருக்குச் சீர் செய்தால் நான் ஓட்டாண்டியாகிவிடுவேனடா!"

தன் முத்துமாலையைக் கழற்றி விடங்கன் கழுத்தில் போட்டான். ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் ஊரே கூடிச் செடிகளை அகற்றி வயலுக்கு அனுப்ப வேண்டும், மீன் முட்டையிட வடகரையோரம் மட்டும் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும் என்று புதிய ஆணை பிறந்தது.

சிறைக் கதவு திறந்தது. ஓடிவந்த குழந்தையைப் பூவாயி இரண்டு கைகளாலும் வாரி எடுத்துக்கொண்டாள்.