திரை போட்ட கல்வெட்டு

ஓர் ஊரில் குப்பைமேடு ஒன்று சிறுவர் பூங்காவாயிற்று. தானாக ஆகவில்லை. தெருக்காரர்கள் பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்து வாங்கியது அது. பந்தலின் முன்வரிசையில் நான்கு வயது செவ்வந்தி, 'எங்களுக்கு விளையாட இடம் கொடு' என்ற தட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள்.

பூங்காவுக்கு ஊஞ்சல் வந்தது. அ, ஆ எழுதிய சுழலும் கட்டைகள் வந்தன. சறுக்குமரம் வந்தது. அதன் ஏணிக்காலில் நான்கடி உயரத்தில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தாண்டி வளர்ந்தவர்கள் ஏறக் கூடாது.

கடைசியாகக் கல்வெட்டு வந்தது, முகத்தில் பச்சைத் திரையோடு. திரை விலகும் நாள்தான் திறப்பு விழா. அதுவரை கதவில் பூட்டு.

செவ்வந்தி தினமும் மாலையில் அம்மாவோடு வந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"எப்பம்மா தொறப்பாங்க?"

"அடுத்த வாரமாம்டி."

கதவின் குறுக்குக் கம்பியும் நான்கடி உயரம்தான். அவள் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சாண் இருந்ததைச் சறுக்குமரம் பார்த்து வைத்தது.

"கல்வெட்டே, சீக்கிரம் ஆகட்டும். பிள்ளை வளர்கிறாள்" என்றது.

"என் மேல் யார் பெயர் முதலில் என்று முடிவாக வேண்டாமா?" என்றது கல்வெட்டு. "நான் சரித்திரம். நீ வெறும் தகரம்."

முடிவாகவில்லை. போராட்டக் குழுத் தலைவர் மாசிலாமணியும் செயலாளர் ரெத்தினவேலும் கல்வெட்டின் முன்னாலேயே மோதிக்கொண்டார்கள்.

"யோவ், பதினோரு நாள் பட்டினி கெடந்தது யாரு?"

"பந்தலுக்குப் பின்னால இட்லிப் பொட்டலம் பிரிச்சது யாருன்னு சொல்லவா?"

கொத்தர் வந்து ஒரு பெயரை மேலே ஏற்றினார். மறு கோஷ்டி அதை இழைத்து அழிக்க வைத்தது. பிறகு கல்லையே திருப்பிப் போட்டு மறுபக்கம் வெட்டினார்கள். ஒவ்வொரு உளிக்கும் கல்வெட்டின் கர்வம் கூடியது.

"அவள் தலைக்கும் கம்பிக்கும் நாலு விரல்தான் இருக்கிறது" என்றது சறுக்குமரம்.

"பொறு. இன்னும் இரண்டு பெயர் பாக்கி."

"பூட்டே, நீயாவது கொஞ்சம் வாயைத் திற."

"சாவி அந்தத் தலைவர்கள் பையில் இருக்கிறது" என்றது பூட்டு. "முன்பு சாவி அதிகாரியிடம் இருந்தது. அப்போது கோஷம் போட இவர்கள் இருந்தார்கள். இப்போது யாரிடம் போய்க் கோஷம் போட?"

மூன்றாம் வருடம் விழா நடந்தது. மாலை, மேளம், வாழ்த்து. மாசிலாமணியும் ரெத்தினவேலும் ஆளுக்கொரு முனையாகத் திரையை இழுத்தார்கள். நாற்பத்திரண்டு பெயர்கள் பளபளத்தன. கூட்டம் கை தட்டியது.

செவ்வந்தி யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சறுக்குமரத்துக்கு ஓடி ஏணியில் ஏறினாள்.

பூங்காக் காவலாளி ஏணியின் சிவப்புக் கோட்டைக் காட்டினார். "பாப்பா, கோட்டைத் தாண்டிட்டியே. எறங்கு."

"வரட்டும், நான் தாங்குவேன்" என்றது சறுக்குமரம். யாருக்கும் கேட்கவில்லை.

அவள் இறங்கினாள். அழவில்லை. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பொடிசுகள் ஏறினார்கள். அவள் கல்வெட்டின் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு இப்போது படிக்கத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கடைசிவரை படித்தாள்.

பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "ஏம்மா, இவங்கள்லாம் சறுக்கு வெளையாடவா பட்டினி கெடந்தாங்க?"

மேளம் நின்றிருந்தது. மாசிலாமணி கழுத்து மாலையைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். ரெத்தினவேல் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கல்வெட்டுக்கு அந்தச் சின்ன விரல் தொட்ட இடமெல்லாம் எரிந்தது. கீழே கிடந்த திரையிடம் மெல்லக் கெஞ்சியது: "வா. இன்னொரு முறை என் முகத்தை மூடு."

திரை அசையவில்லை.

"உன்னை மூடினால் மறுபடியும் கதவைப் பூட்டிவிடுவார்கள். இப்படியே நில்" என்றது.