தேடுவதற்காக நின்றோம்

தஸ்நேவிஸ் ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் படிக்க வந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சரக்குக் கப்பலில் மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர். கயிற்றை இழு, நங்கூரத்தை இறக்கு என்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். அதற்கு மேல் வாய் குழறும்.

சொல்லிக் கொடுக்கும் எப்சிபாவுக்கு அவரில் பாதி வயதுதான். தூத்துக்குடியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் வகுப்பு நடத்துகிறாள். தப்பாகப் பேசினால் பெரியவர், சின்னவர் என்று பார்க்க மாட்டாள்.

விஷயம் இதுதான். கப்பலில் அவருக்குக் கீழே இருந்த ரெமிஜியுஸ் நடுக்கடலில் தவறி விழுந்து, போனவன் போனவன்தான். அடுத்த வாரம் விசாரணை. கேட்கப் போகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். செத்தவனுடைய மனைவி பிலோமியும் எதிரே உட்கார்ந்திருப்பாள். கம்பெனி ஆள் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பிசகாமல் சொன்னால் அடுத்த கப்பல். பிசகினால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவருக்கு இரண்டு பெண்கள், கல்யாண வயதில்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் எப்சிபா.

"வீ ஸ்டாப்டு டு சர்ச் ஹிம்."

"சர்ச் ஹிம்னா போலீஸ்காரன் ஒருத்தனைப் பிடிச்சு வச்சுப் பாக்கெட்டைத் தடவுறது. ஆளைக் காணோம்னு தேடினா, நடுவுல ஃபார் போடணும்."

அவனைத் தேடினோம் என்று தமிழில் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்த ஃபார் அவ்வளவு சீக்கிரம் ஏறவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். ஃபார் ஒருவழியாக வந்து உட்கார்ந்தது. அது வந்ததும் இன்னொன்று கழன்றுகொண்டது.

"வீ ஸ்டாப்டு சர்ச்சிங் ஃபார் ஹிம்."

எப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். கம்பெனி கொடுத்தது இது இல்லையே என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டு போட்டால் என்ன, இங் போட்டால் என்ன, ரெண்டும் தேடினதுதானே என்று சலித்துக்கொண்டார்.

"டு வந்தா எதுக்காக நின்னோம்னு அர்த்தம். இங் வந்தா எது நின்னு போச்சுன்னு அர்த்தம்."

"விளங்கல டீச்சர்."

அவள் மேலே விளக்கவில்லை. பலகைப் பக்கமும் போகவில்லை. தன் நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் பிலோமின்னு வச்சுக்கிடுங்க. கம்பெனி கொடுத்ததை எனக்குத் தமிழ்ல சொல்லுங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னார். "தேடுறதுக்காக நின்னோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தேடுறதுக்காக நின்னோம்."

"நின்னீங்க. தேடுனீங்க. அப்புறம்?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவரை அடித்தது. மெல்லச் சொல்லத் தொடங்கினார். இருட்டிவிட்டது. துறைமுகத்துக்கு நேரமாகிறது என்று கேப்டன் சொன்னார். எஞ்சினை ஓட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கப்பல் நகர்ந்தது.

"அப்புறம்?"

"விசில் கேட்டுச்சு டீச்சர்."

எந்த விசில் என்று கேட்டாள்.

"லைஃப் ஜாக்கெட்டுல ஒரு விசில் தொங்கும். விழுந்தவன் ஊதுறதுக்கு. காத்துன்னு சொன்னார் கேப்டன். நாங்களும் காத்துன்னு சொன்னோம். நானும் சொன்னேன்."

அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. பார்க்க எப்சிபாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார், கம்பெனி கொடுத்த வாக்கியம் பொய்யா என்று.

"பொய் இல்ல. நீங்க நின்னது நிஜம்தானே."

"இலக்கணம்?"

"ஒரு பிழையும் இல்ல."

அவர் முகத்தில் லேசாக ஒரு நிம்மதி வந்தது. இதைச் சொல்கிற எனக்கு அந்த நிம்மதியைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் தேடியிருப்பார்கள்.

"அப்ப அதையே சொல்லிட்டு வந்திருதேன் டீச்சர். இன்னும் ரெண்டு தடவை சொல்லிக் கொடுங்க."

எப்சிபா சொல்லிக் கொடுத்தாள். அவர் சொன்னார். டு இருந்த இடத்தில் டு, ஃபார் இருந்த இடத்தில் ஃபார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நாளைக்கும் வரணுமா?" என்று கேட்டபடி எழுந்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. வெள்ளைக்காரங்க கேக்கிறதுக்கு இது போதும். பிலோமிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவங்க தமிழ்லதான் கேப்பாங்க. அதுக்கு நான் சொல்லித் தர ஒண்ணுமில்ல."