கரை தாண்டி வந்த விருந்தாளி

கரம்பைக் குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. அங்கிருந்த நண்டுகளின் விவாதம் மட்டும் வற்றவில்லை. கரைக்கு அப்பால் அறிவுள்ள உயிர்கள் உண்டா, இல்லையா?

"உண்டு! பார்க்க நம்மளைப் போலத்தான் இருக்கும்!" என்றது தலைவர் பெருங்கொடுக்கன். "கொடுக்கு இல்லாம வளை தோண்ட முடியுமா? வளை தோண்டத் தெரியாததுக்கு அறிவு ஏது? அப்படி ஒருத்தர் வந்து தண்ணி இருக்கிற இடத்தைக் காட்டுவார்!"

செங்காலி என்ற தாய் நண்டும் அதைத்தான் நம்பியிருந்தது. அதன் வயிற்று மடிப்பில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரம் போனால் முதலில் போவது அவைதான். பாவம், அது வேறு எதை நம்பும்?

ஒரு காலை, செங்காலியின் வளைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு மண்புழு தலையை நீட்டியது. அது தலைதானா என்பதே செங்காலிக்குச் சந்தேகம்.

"அக்கா, இங்க இருக்காதீங்க! கரைக்கு அந்தப் பக்கம், நாணலுக்கு அடியில ஊத்து இருக்கு. அங்கிருந்துதான் வர்றேன்!"

"கண்ணு இல்ல, காலு இல்ல! எந்தப் பக்கம் வாய்னே தெரியல. நீ எனக்கு வழி சொல்றியா? போ, போ!"

அந்த நேரம் வெளியே ஒரே கூச்சல். "வந்துட்டார்! வந்துட்டார்!"

கரையிலிருந்து காற்றோடு இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது ஒரு நண்டு! அதே கொடுக்குகள், அதே கால்கள். எல்லா நண்டுகளும் மரியாதையாகத் தள்ளி நின்று கொடுக்கைத் தூக்கி வணங்கின.

"ஐயா, தண்ணி எங்க இருக்கு?" என்று தலைவர் கேட்டது. பதில் இல்லை.

"பெரிய அறிவாளிங்க அதிகம் பேச மாட்டாங்க!" என்று தலைவரே விளக்கமும் சொன்னது.

வெயில் உச்சிக்கு ஏறியது. செங்காலியின் மடிப்பில் குஞ்சுகளின் நெளிவு அடங்கத் தொடங்கியது. அதற்கு மேல் தாய்க்கு என்ன மரியாதை? ஓடிப்போய் விருந்தாளியின் கொடுக்கைப் பிடித்துக்கொண்டது.

"என் பிள்ளைங்க சாகுதுங்க! ஒரு வார்த்தை சொல்லுங்க!"

விருந்தாளி மல்லாந்து விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கொடுக்கின் நுனி உடைந்திருந்தது. அந்த உடைவைச் செங்காலிக்கு நன்றாகத் தெரியும். போன மழையில் கல்லிடுக்கில் மாட்டி உடைந்த தன் சொந்தக் கொடுக்கு!

"இது நான் கரையில கழட்டிப் போட்ட ஓடு! இதையா இவ்வளவு நேரம் கும்பிட்டோம்?"

தலைவரின் கொடுக்கு மெல்லக் கீழே இறங்கியது. செங்காலி வளைக்குள் பாய்ந்தது.

"தம்பி! இருக்கியா?"

"இருக்கேன் அக்கா."

செங்காலி அதைத் தொட்டுப் பார்த்தது. உடம்பெல்லாம் ஊற்றின் குளிர்ச்சி! அழுகை வந்துவிட்டது. "அப்படி விரட்டினேனே, நீ ஏன் போகல?"

"முதல்ல சுவரைத் துளைச்சு உங்க ஓட்டுல முட்டினப்போ நானும்தான் கல்லுன்னு நினைச்சேன். கல்லுக்கு ஏது அறிவு? அப்புறம் குஞ்சுங்க துடிக்கிறது மண்ணு வழியா கேட்டுச்சு. எப்படிப் போவேன்?"

மண்புழு முன்னால் துளைத்துக்கொண்டு போனது. நண்டுகள் பின்னாலேயே அந்தத் துளையை அகலமாகத் தோண்டின. வெட்கத்தில் எல்லாரையும்விட வேகமாகத் தோண்டியது தலைவர்தான். பொழுது சாயும்போது நாணலடியில் தண்ணீர் கசிந்தது. செங்காலியின் மடிப்பில் குஞ்சுகள் மறுபடி நெளிந்தன.

அறிவு நம் உருவத்தில்தான் வரும் என்று காத்திருப்பவர், வாசலுக்கு வந்த துணையை விரட்டிவிட்டுத் தாம் கழற்றிப் போட்ட ஓட்டையே கும்பிட நேரும்.